கடலில் வந்த நோயும் கரையில் கேட்கும் உரிமையும்

அணுசக்தி நகர்வாசிகளான எங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பெரிய யோசனை இல்லை. சி.எச்.எஸ்.எஸ். அட்டையை எடுத்துக்கொண்டு பி.ஏ.ஆர்.சி. மருத்துவமனைக்குப் போய்விடுவோம். சென்ற ஆண்டு, கப்பலில் நெஞ்சு வலி வந்து பாதி ஒப்பந்தத்தில் இறக்கிவிடப்பட்ட உறவுக்காரப் பையன் ஒருவன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். "பெரியப்பா, எனக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய வழக்கு. 1961 டிசம்பரில் 'துவாரகா' கப்பலின் மாலுமி ஒருவர் நெஞ்சு வலி என்றார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கப்பல் பாரசீக வளைகுடாவில் இருந்தபோது, 16ஆம் தேதி விடியற்காலை படுக்கப் போவதாகச் சொன்னவரைக் காலையில் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தந்தை நஷ்டஈடு கேட்டார். ஆணையர் மறுத்தார், பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது, 1969இல் உச்ச நீதிமன்றம் மறுபடி மறுத்துவிட்டது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். வேலையில் இருக்கும்போது நடந்தது என்றால் மட்டும் போதாது; வேலையின் காரணமாக நடந்தது என்றும் கேட்பவர்தான் காட்ட வேண்டும். நேரடிச் சாட்சி இல்லாவிட்டால் சூழ்நிலையைக் கொண்டு காட்டலாம். வெறும் யூகம் எடுபடாது.

அந்த வழக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. அச்சட்டம் 2025 வரை மாலுமிகளுக்கு முக்கியமானதாக இருந்தது. அதில் மனுப்போட இரண்டு ஆண்டுக் கெடு இருந்தது.

இன்னொரு வழி, 2006இல் ஜெனீவாவில் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் இதை ஏற்றது. பணியில் சேர்ந்த நாள் முதல் ஊர் திரும்பும்வரை வரும் நோய்க்கு வைத்தியச் செலவு கப்பல் முதலாளியுடையது. நாட்டுச் சட்டம் இதற்கு வரம்பு வைக்கலாம். ஆனால் 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. இங்கே, நோய் வேலையால் வந்ததா என்ற கேள்வி இல்லை. ஆனால் வேலையில் சேரும்போதே இருந்த நோயை வேண்டுமென்று மறைத்திருந்தால் முதலாளி கைகழுவிவிடலாம்.

நிரந்தர ஊனத்துக்கான தொகை வேறு விஷயம். அது ஒப்பந்தத்தையும் தொழிற்சங்க உடன்பாட்டையும் பொறுத்தது. அதற்கான காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் விதி. ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கவும் கூடாது.

ஆகவே கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் செய்ய வேண்டியவை: ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டுக்கு, மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உண்டா என்று பாருங்கள். வலி என்றால் அன்றே சொல்லி, கப்பலின் மருத்துவப் பதிவேட்டில் ஏறச் செய்து, இறங்கும்போது நகல் வாங்கி வரச் சொல்லுங்கள். படித்துப் பார்க்காமல் எந்த ரசீதிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள்.

எங்கள் பையனிடம் பதிவேட்டைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு வாரமா வலி இருந்துச்சு பெரியப்பா. சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றான். கடைசி நாளுக்கு மட்டும்தான் அவனிடம் காகிதம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது வக்கீலிடம் நடக்கிறோம்.