டில்லி வண்டிக்கு என்ன நிறம்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு எடுபிடி வேலையெல்லாம் பார்த்த வண்டி எது தெரியுமா? அதன் பெயர் டில்லி. நம் தலைநகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'யுடிலிட்டி' என்பதைச் சிப்பாய்கள் செல்லமாகச் சுருக்கிய பெயர் இது. ஆஸ்டின், மாரிஸ், ஹில்மன், ஸ்டாண்டர்ட் கம்பெனிகளின் சாதாரணக் குடும்பக் கார்தான். பின்பாதியை எடுத்துவிட்டுச் சரக்குத் தொட்டி வைத்து, மேலே கித்தான் கூடாரம் போட்டுப் போருக்கு அனுப்பினார்கள்.

இன்று இந்த வண்டியைக் கையகலப் பொம்மையாகச் செய்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களுக்குப் பெரிய தலைவலி, நிறம்! அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்து அடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அது பிற்காலத்தில் புதுப்பித்த பூச்சாக இருக்கலாம். அதனால் போர்க்காலப் புகைப்படங்களைத் தேடுகிறார்கள். அவையோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதிலும் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்துச் சிலவகைப் பிலிம்களுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. பளிச்சென்ற சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். உதாரணமாக, பீரங்கிப் படை வண்டிகளில் தீட்டிய அடையாளச் சதுரம் மேலே சிவப்பு, கீழே நீலம். அந்தப் பிலிமில் அது கறுப்பும் வெளுப்புமாகத்தான் தெரியும்.

ஆகவே, கைதேர்ந்தவர்கள் படத்தை மட்டும் நம்புவதில்லை. எந்த ஆண்டு எந்த நிறம் அடிக்க வேண்டும் என்று ராணுவம் போட்ட உத்தரவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூரிகையை எடுக்கிறார்கள்.