காருக்கு புது ‘மூக்கு’ மாட்டப் போறீங்களா? மழைத் தண்ணியில உஷார்!

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பழைய கார் வாங்கும் இளைஞர்களுக்கு ஒரு ஆசை உண்டு. கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளன்னு குழாயும் கூம்பு வடிவ பில்டரும் மாட்டிக்கொள்வதுதான் அது. ஆக்சிலேட்டரை மிதிச்சா ‘உஸ்ஸ்...’னு ஒரு சத்தம். பிக்கப் எகிறிடுச்சுன்னு ஒரு சந்தோஷம்.

இணையதளத்தில் ஆர்டர் போட்டால் பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. செல்போனில் வீடியோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்தப் புது மூக்கு எந்த இடத்தில் இருந்து காற்றை இழுக்கிறது என்பதில்தான் என்ஜினின் ஆயுளே இருக்கிறது.

ஒரு லிட்டருக்கு 9 ஆயிரம் லிட்டர் காற்று

பெட்ரோல் மட்டும் தனியாக எரியாது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9 ஆயிரம் லிட்டர் காற்று! இவ்வளவு காற்றும் ஏர் பில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. ரோட்டுப் புழுதி அப்படியே உள்ளே போனால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். பிஸ்டன் ரிங் தேயும். என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ‘போர்’ வேலைதான்.

கம்பெனி பெட்டி பார்க்க அசிங்கமாக இருந்தாலும் 3 வேலை செய்கிறது. தூசியை நிறுத்துகிறது. சத்தத்தை அடக்குகிறது. முன்பக்கத்தில் உயரமான இடத்தில் இருந்து, என்ஜின் சூடு படாத காற்றை எடுத்துக் கொடுக்கிறது. புது கிட் மாட்டினதும் கேட்கும் ‘உஸ்ஸ்’ சத்தம், பெரும்பாலும் அந்த அடக்கம் போனதால் வருவதுதான். சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போற மாதிரி காதுக்குத் தோணும். சாதாரண சின்ன கார்களில் உண்மையாகக் கூடும் சக்தி ரொம்பக் குறைவு.

ரெண்டு வகை... ரெண்டு ஆபத்து

கடைகளில் கிடைக்கும் கிட் 2 வகை. முதல் வகை குட்டைக் குழாய். பில்டர் என்ஜின் பக்கத்திலேயே பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். மாட்டுவது சுலபம். ஆனால் இழுப்பது சூடான காற்று. காற்று சூடானால் லேசாகிவிடும். 40 டிகிரி காற்றுக்குப் பதில் 70 டிகிரி காற்றை இழுத்தால், அதே அளவு காற்றின் எடை சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் டிராபிக்கில் நிற்கும்போது பிக்கப் கூடுவதற்குப் பதில் குறையும்.

இரண்டாவது வகை நீளக் குழாய். பில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் பல வண்டிகளில் அந்த இடம் முழங்காலுக்கும் கீழே! மழைக்காலத்தில் வினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டில் மாட்டுபவர்கள் கவனிக்க...

* என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

* எதையும் கழற்றும் முன் செல்போனில் 4, 5 போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோஸ் எங்கே இருந்தது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

* சென்சார் பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. லாக்கை அமுக்கி, பிளக்கைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

* காற்றை அளக்கும் சென்சார் குழாயில் இருந்தால், அதன் மேல் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது என்ஜின் பக்கத்தைக் காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரல் படக்கூடாது.

* பழைய குழாயை எடுத்ததும் திராட்டில் வாயை சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் என்ஜினை இறக்க வேண்டி வரும். டர்போ வண்டியாக இருந்தால் அதன் இறக்கைகளும் உடையும். மாட்டும் முன் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்!

* என்ஜினில் இருந்து வரும் சின்ன மூச்சுக் குழாயை அம்போவென்று தொங்கவிடாதீர்கள். புதுக் குழாயில் அதற்கென்று இருக்கும் வாயில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பில்டரைத் தாண்டி தூசி உள்ளே போக அதுவே வழி.

* கிளாம்பை அளவாக முறுக்குங்கள். ரொம்ப முறுக்கினால் ரப்பர் கிழியும். குழாய் பெல்ட், பேன், சைலன்சர் குழாய் எதிலும் உரசக்கூடாது. பானெட்டை மெதுவாக மூடிப் பாருங்கள். இடிக்கிறதா?

* ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிடுங்கள். சீறும் சத்தம் கேட்டாலோ, ஐடிலிங் ஏறி இறங்கினாலோ, ‘செக் என்ஜின்’ லைட் எரிந்தாலோ எங்கோ காற்று கசிகிறது. 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்பை மறுபடி பார்த்துவிடுங்கள்.

* கழுவிப் பயன்படுத்தும் துணி பில்டர் என்றால், நன்றாகக் காய்ந்த பிறகே அதற்கான ஆயில் போட வேண்டும். அதுவும் கொஞ்சமாக. கூடிப்போனால் ஆயில் பறந்து போய் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும். வண்டி திக்கித் திணறும்.

அரை கிளாஸ் தண்ணி போதும்!

இனிதான் முக்கியமான விஷயம். காற்றை அமுக்கினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. 1200 சி.சி. பெட்ரோல் காரில் 4 சிலிண்டர். ஒவ்வொன்றும் 300 சி.சி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 33 மில்லிதான். டீக்கடை கிளாசில் பாதி கூட இல்லை! டீசல் வண்டியில் அழுத்தம் அதிகம் என்பதால் அந்த இடம் இன்னும் சின்னது. ஏறக்குறைய 20 மில்லி.

அதைவிடக் கூடுதலாக தண்ணீர் உள்ளே போனால், மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதியது போல நின்றுவிடும். கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் என்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். செலவு பல ஆயிரத்தில் இருந்து லட்சம் வரை போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலையும் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிய கார்கள் எத்தனை எத்தனை! 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது அந்தப் பயத்தில்தான். கம்பெனி பெட்டி உள்ள வண்டிக்கே இந்தக் கதி. பம்பருக்குக் கீழே பில்டர் இருந்தால், முழங்கால் தண்ணீர் கூட வேண்டாம். பக்கத்தில் போகும் பஸ் அடிக்கும் அலையே போதும்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் ‘செல்ப்’ அடிக்கவே கூடாது! அடித்தால் தப்பித்த என்ஜினும் போய்விடும். தள்ளி மேட்டில் நிறுத்துங்கள். மெக்கானிக் வந்து பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், டீசல் வண்டியில் இன்ஜெக்டர் கழற்றி தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ், சட்டம் என்ன சொல்லுது?

தண்ணீர் இழுத்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தாலும், கம்பெனிக்குச் சொல்லாமல் பாகத்தை மாற்றியிருந்தால் க்ளைம் இழுபறியாகலாம். வாரண்டிக்கும் இதே பிரச்சினை உண்டு.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆகவே காசு கட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்போ என்னதான் செய்யறது?

பிக்கப் குறைந்த மாதிரி தெரிந்தால், முதலில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பேப்பர் பில்டர் புழுதி பிடித்து கறுத்துப் போயிருக்கும். சின்ன கார்களுக்கு புது பில்டர் சில நூறு ரூபாய்தான். பாதி பேருடைய பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

இல்லை, எனக்கு அந்த சத்தம்தான் வேணும் என்பவர்கள் ஒன்று செய்யலாம். கழற்றிய பழைய பெட்டி, குழாய், கிளிப் எதையும் காயலான் கடையில் போடாமல் பத்திரமாக வையுங்கள். ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கும் முன் பழையதை மாட்டிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. அதற்குச் சோம்பல்பட்டால், மழை விட்டதும் ரிக்கவரி வண்டிக்கு போன் போட வேண்டியதுதான்!