மார்கழிப் பனியும் நெற்பயிரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. மலையினின்று இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்ப, அவற்றின் கீழ் நெல் விளைகிறது. ஐப்பசியில் நட்ட பயிர் மார்கழியில் தூர் கட்டி நிற்கும். ஆண்டாள் பாவை பாடிய ஊருக்கு மார்கழி பெருமைக்குரிய திங்கள். உழவனுக்கோ அத்திங்களின் பனி அச்சந்தருவது. குலைநோய் தோன்றுவது அப்போதுதான்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு பூசணம். அதன் நுண்வித்துகள் காற்றில் மிதந்து வந்து இலைமேல் படியும். இலை உலர்ந்திருப்பின் அவை முளைக்கமாட்டா. இரவின் வெப்பம் 20 டிகிரி அளவிற்குத் தணிந்து, பனிநீர் விடியுமளவும் இலைமேல் தங்குமாயின் முளைத்துவிடும். முளைத்த பூசணம் இலையைத் துளைக்கும் வகை வியப்புக்குரியது. குமிழ் போன்றதோர் உறுப்பை இலைமேல் ஊன்றி, அதனுள் நீரை ஈர்த்து அழுத்தத்தைப் பெருக்குகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தினும் அஃது ஏறத்தாழ 40 மடங்கு மிகுதி!

சில நாளில், ஓரம் பழுத்து நடுவில் சாம்பல் பூத்த கண்வடிவப் புள்ளிகள் இலையில் தோன்றும். அவ்வளவில் நின்றால் பயிர் ஒருவாறு தேறும். கதிரின் கழுத்தைப் பற்றினாலோ மணியெல்லாம் பதராகும். நம் நாட்டில் 1913-இல் கண்டறியப்பட்ட இந்நோய், 1919-இல் தஞ்சை வயல்களைப் பெரிதும் அழித்தது.

பனியைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆயின், பனிக்குத் துணைபோகும் யூரியா உழவன் கையில் உள்ளது. தழைச்சத்து மிகுந்த பயிர் கரும்பச்சையாய்ச் செழிக்கும். அதன் இலையோ மென்மையுற்று நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். அடுத்த வயலினும் தம் வயல் கறுத்திருக்க வேண்டும் என்னும் ஆவலே பலரைக் கெடுக்கிறது. நெல்லும் புல்லினமே அன்றோ? குளிர்நாடுகளில் உறைபனி மூடிய புல்வெளிகள், பனி உருகியதும் வட்டவட்டமாய் வெளுத்து அழுகிக் கிடப்பதுண்டு. அதுவும் பூசண நோயே. ஆதலின் அந்நாட்டார் பனி விழுமுன்னரே தழைச்சத்து மிகாதபடி காத்துக்கொள்கின்றனர்.

நம் உழவரும் யூரியாவைச் சிறுகச் சிறுகப் பிரித்திடல் வேண்டும்; மூடுபனி நாள்களில் அறவே நிறுத்துதல் நன்று. வரப்பிலுள்ள புல்லும் நோயுற்ற தாளும் பூசணத்திற்குப் புகலிடமாதலின் அவற்றை அகற்றல் வேண்டும். கோ 4 போன்ற நெல்வகைகள் இந்நோயைத் தாங்குவன, ஐ.ஆர். 50 எளிதில் இதற்கு இரையாவது. நோய் கண்ட வயலில் வேளாண் அலுவலர் கூறும் அளவில் மருந்து தெளிக்கலாம். கதிர் வெளிவரும் பருவத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். கழுத்துக் கருகியபின் தெளித்த மருந்தால் பதர் மணியாகாது.