சர்க்கரை நோயும் கண்ணைப் பறிக்கும் பூஞ்சையும்

சர்க்கரை நோயால் கண் கெடும் என்பது நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். விழித்திரை வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுவது ஒரு வகை. இரண்டே நாளில் ஒரு கண் இருண்டுபோவது வேறு வகை. கண் மருத்துவன் என்ற முறையில் இந்த இரண்டாவதைப் பற்றிச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு மியூகார்மைகோசிஸ் என்று பெயர். பழைய ரொட்டியில் பூக்கிறதே பூசணம், அந்த ரைசோபஸ் இனம்தான் பெரும்பாலும் காரணம். இதன் நுண்வித்துகள் காற்றிலும் மண்ணிலும் எங்கும் உண்டு, தினமும் சுவாசிக்கிறோம். நல்ல உடம்பு அவற்றை அழித்துவிடும். சர்க்கரை கட்டுமீறி, இரத்தத்தில் கீட்டோன் அமிலமும் சேர்ந்தால் வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகின்றன. புரதத்தோடு பிணைந்திருந்த இரும்புச்சத்தும் விடுபட்டுப் பூஞ்சைக்குத் தீனியாகிறது.

மூக்கில் வேர்விடும் பூஞ்சை சைனஸ் அறைகளைத் தாண்டி, காகிதம் போன்ற மெல்லிய எலும்பைக் கடந்து கண்குழிக்குள் நுழைகிறது. இரத்தக் குழாயைத் துளைத்து, உள்ளே இரத்தத்தை உறைய வைக்கிறது. விழித்திரைத் தமனி அடைபட்டால் பார்வை சட்டென்று போய்விடும், பெரும்பாலும் திரும்பாது. அடுத்தது மூளை. 'கருப்புப் பூஞ்சை' என்கிறோமே, கருப்பு பூஞ்சையின் நிறமல்ல. இரத்தமின்றிச் செத்த திசுவின் நிறம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோரை இது தாக்கியது. சர்க்கரையோடு ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்ததே முக்கியக் காரணம். அந்த அலை ஓய்ந்துவிட்டது. கட்டுப்படாத சர்க்கரை ஓயவில்லை.

"சைனஸ்தானே டாக்டர், ஆவி பிடிச்சா சரியாயிடும்னு இருந்துட்டேன்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரைவிட்டு வந்து பிள்ளைகளோடு இருக்கும் நம் பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று இரண்டு மூன்று நாள் தள்ளிவிடுகிறார்கள். அந்த நாட்களில்தான் கண் போகிறது.

ஒரு பக்கம் மட்டும் முகவலி அல்லது மரத்துப்போதல், மூக்கில் கருப்பான சளி, மேலண்ணத்தில் கருந்திட்டு, இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்கல். சர்க்கரை உள்ளவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரும் கண் மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றைக்கே போங்கள். மூக்கிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அன்றே துப்புக் கிடைத்துவிடும். ஆம்போடெரிசின் பி ஊசி, செத்த திசுவை அகற்றும் அறுவை, சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றும் ஒருசேர வேண்டும். தாமதித்தால் உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேரலாம்.

இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். முகத்தில் ஒரு பக்கம் வலித்தால், பிள்ளை ஆபீசில் இருந்தாலும் பரவாயில்லை, உடனே போன் போடுங்கள்.