செயற்கை வெயிலும் விற்றமின் 'டி' விவாதமும்

மாத்தளை மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. முகில் மூடிய நக்கிள்ஸ் மலைச்சாரலை விட்டுக் கீழிறங்கினால் உக்குவளை, நாவுல, தம்புள்ளை எங்கும் அது தாராளமாகவே கிடைக்கின்றது. கறுத்துவிடுவோம் என்ற அச்சத்தில் குடை பிடிப்போரும் முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு பூசுவோரும் எம்மிடையே பலர். மேலை நாடுகளிலோ வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்வதற்காகப் பணம் கொடுத்து, புற ஊதாக் கதிர் விளக்குகள் பொருத்திய படுக்கைகளில் படுத்தெழுகின்றனர். இவ்வேடிக்கை எமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம்மவரின் பிள்ளைகள் வளர்கின்றனர். அதனிலும் முக்கியமாக, இவ்வணிகம் தனக்கு அரணாகக் கொள்வது விற்றமின் 'டி' யின் பெயரையே.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009 இல் இப்படுக்கைகளைப் புகையிலை, அஸ்பெஸ்டஸ் ஆகியவற்றுடன் முதலாம் வகுப்பில் சேர்த்தது. ஆபத்தின் அளவு சமமானது என்பதல்ல, புற்றுநோயை விளைவிக்கும் என்பதற்கான சான்று உறுதியானது என்பதே இதன் பொருள். முப்பத்தைந்து வயதுக்கு முன்னர் இப்பழக்கத்தைத் தொடங்குவோருக்கு மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோயின் ஆபத்து குறிப்பிடத்தக்களவு கூடுகின்றது. பிரேசில் 2009 இலேயே அழகுக்காக இவ்விளக்குகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அவுஸ்திரேலிய மாநிலங்கள் பலவற்றில் 2015 முதல் இத்தொழில் நிறுத்தப்பட்டது. இவை பாதுகாப்பானவை, உடல்நலம் தருபவை என விளம்பரம் செய்த அமெரிக்கத் தொழிற்சங்கம் ஒன்றின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு பொய்ப் பிரசாரக் குற்றஞ்சாட்டி, 2010 இல் இணக்கத் தீர்வு கண்டது.

விளம்பரத்தில் இருந்த ஓட்டை எளிதில் விளங்கக்கூடியதே. தோலில் விற்றமின் 'டி' உருவாகத் தேவைப்படுவது 'பி' வகைப் புற ஊதாக் கதிர். படுக்கைகளின் விளக்குகள் பெரும்பாலும் வெளியிடுவது 'ஏ' வகையை. தவிரவும், குறித்த அளவுக்கு மேல் தோலில் விற்றமின் பெருகுவதில்லை. சேதம் மட்டுமே பெருகும். வெண்படலம், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு வைத்தியசாலைகளில் அளந்து வழங்கப்படும் ஒளிச் சிகிச்சை இதனின்றும் வேறானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு விற்றமின் போதும் என்பதில் வைத்திய உலகமே பிளவுபட்டிருந்தது. இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம் போதும் என்றது அமெரிக்க மருத்துவ நிறுவகம், 2010 இல். மறு ஆண்டே அகஞ்சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. கோடு உயர்ந்தது, நேற்றுவரை நலமாயிருந்தவர்கள் ஒரே நாளில் குறைபாடுடையோராயினர்! பரிசோதனைக் கட்டணமும் மாத்திரை விற்பனையும் பெருகின. 2024 இல் அதே சங்கம் அவ்விலக்கைக் கைவிட்டு, ஆரோக்கியமானோருக்கு வழமையான பரிசோதனை வேண்டாம் என்றது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்விலும், பொதுவாக நலமுடையோரின் எலும்பு முறிவை மாத்திரைகள் குறைக்கவில்லை என 2022 இல் தெரியவந்தது.

இதனைக் கொண்டு குறைபாடே பொய் என்று கருதிவிடலாகாது. குழந்தையின் கால் வளைவதும் தாயின் எலும்பு மென்மையாவதும் மெய்யான நோய்கள். கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட, 2008 இல் வெளியான ஆய்வொன்றில், நோர்வேயில் இருப்போரிடம் இவ்விற்றமின் மிகக் குறைவாகக் காணப்பட்டது. அயல் மாவட்டத்து வெயில் அங்கில்லை. ஆனால் இங்கும் வெயில் இருப்பது வேறு, அது தோலில் படுவது வேறு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது, ஆடைத் தொழிற்சாலையினுள் பகலைக் கழிக்கும் அவளது மகளுக்குக் கிடைப்பதில்லை. கண்ணாடி யன்னலூடாக வரும் வெளிச்சத்தில் 'பி' கதிர் அநேகமாக இல்லை. அதிகாலை இளவெயிலிலும் அது மிகச் சொற்பமே. எமது நிழல் எமது உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே பலன் தரும். கருமையான தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை; எனினும் தோல் எரியும்வரை நிற்க வேண்டியதில்லை. உடலை மறைத்து உடுத்தும் முஸ்லிம் சகோதரிகள் தமது ஆடை ஒழுக்கத்தை விட்டுவிட வேண்டியதுமில்லை. மறைவான வீட்டு முற்றத்தில் முழங்கை வரை வெயில் படச் சில நிமிடங்கள் இருக்கலாம். சூடை, சாளை போன்ற கொழுப்பு மீன்களும் முட்டை மஞ்சட் கருவும் ஓரளவு துணை செய்யும்.

கர்ப்பிணிகளும், வெளியே நடமாட முடியாத முதியோரும், ஏற்கெனவே எலும்பு நோயுடையோரும் வைத்தியரிடம் கேட்டே மாத்திரை எடுக்க வேண்டும்; அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். பிரித்தானியாவில் வாழும் எமது உறவினருக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் ஆலோசனை தெளிவானது: தெற்காசியப் பின்னணியுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் 'டி' எடுத்துக்கொள்வது பற்றிச் சிந்திக்க வேண்டும். அங்குள்ள மருந்துக் கடைகளில் குறைந்த விலைக்கே அது கிடைக்கின்றது.