ஸ்விட்சின் சாவி யார் கையில்?

சங்க அலுவலகத்து இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். ஒருவர் மட்டும் திறக்க இயலாதவாறு இரட்டைப் பூட்டு முறையைக் கைக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. ஆனால் இன்று அங்கத்தினரின் பங்குத் தொகை, சிக்கன சேமிப்பு, நூல் இருப்பு, பயிர்க் கடன் ஆகிய கணக்குகள் பேரேட்டோடு நில்லாமல் கணினியிலும் ஏறிவருகின்றன. சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பல கணினிகள் உள்ள அலுவலகத்தில் அவற்றைப் பிணைக்கும் ஸ்விட்ச் என்னும் கருவியும் இருக்கும். அதன் சாவி யாரிடம் உள்ளது என்று நாம் கேட்டதுண்டா?

ஸ்விட்ச் என்றவுடன் விளக்கேற்றும் விசையை எண்ண வேண்டா. இது கணினிகளின் கம்பிகள் யாவும் வந்து சேரும் சிறு பெட்டி. கட்டளைக்கு உட்பட்டு இயங்கும் வகை ஸ்விட்சில், எக்கணினி எதனோடு பேசலாம் என்பதை நிர்வாகி வகுக்கலாம். ஒரு துளை வழியே செல்லும் செய்திகளை மற்றொரு துளைக்குப் பிரதி எடுத்து அனுப்பவும் கட்டளை உண்டு. பழுது காண்பதற்கு ஏற்பட்ட இவ்வசதி, அயலார் கைக்குச் சென்றால் ஒட்டுக்கேட்கும் கருவியாகிவிடும். ஆகவே நிர்வாக உரிமையைக் காப்பது நமது கணக்கைக் காப்பதேயாகும். இதற்குச் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவதாக, கருவியுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் வேண்டும். அது விளக்கப் புத்தகத்திலேயே அச்சாகியிருப்பதுண்டு. ஆதலால் ஊரறிந்த இரகசியம். கண்காணிப்புக்கான எஸ்.என்.எம்.பி. என்னும் முறையில் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற சொற்கள் வழக்கமாக அமைந்திருக்கும். அம்முறை தேவையில்லையேல் நிறுத்திவிடுக. தேவையெனில் அதன் மூன்றாம் பதிப்பைக் கையாளுக.

இரண்டாவதாக, டெல்நெட் என்னும் பழைய வழியை மூடிவிடுதல் வேண்டும். அதில் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய செய்திபோல் வழியில் உள்ளோர் படிக்கும்படி செல்லும். தமது பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் இவ்வாறு திருடப்பட்டதைக் கண்ட ஃபின்லாந்து நாட்டு அறிஞர் தாட்டு யுலோனென், 1995-ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். முறையை அமைத்தார். இதில் செய்தி மறைக்குறியாக மாறி, உறையிலிட்டு முத்திரை வைத்த கடிதம்போல் செல்லும். புதிய வழியில் உள்ளே செல்ல முடிகிறதா என்று சோதித்த பின்னரே பழையதை மூடுக. இல்லையேல் நாமே வெளியில் நிற்க நேரிடும்.

மூன்றாவதாக, நிர்வாக வாயிலை எல்லாக் கணினிகளுக்கும் திறந்து வைத்தல் ஆகாது. ஒரே ஸ்விட்சைப் பல தனி வலைகளாகப் பிரிக்கலாம்; இதனை வி-லேன் என்பர். நிர்வாகத்துக்கென ஒன்றை ஒதுக்கி, குறித்த ஓரிரு கணினிகளின் முகவரிகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். உபயோகமற்ற வசதிகளையும் துளைகளையும் அடைத்துவிடுதல் நன்று. சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்றொரு வசதி உண்டு, புதுக் கருவியைத் தொலைவிலிருந்து அமைப்பதற்கு ஏற்பட்டது, கடவுச்சொல் கேட்பதில்லை. வேலை முடிந்த பின்னும் பலர் அதைத் திறந்தே விட்டிருந்தனர். 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வழியே புகுந்தவர்கள் பல நாடுகளில் கருவிகளின் அமைப்பை அழித்தனர். உலகில் சுமார் 2,00,000 கருவிகளும், ஈரானில் மட்டும் 3,500 கருவிகளும் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

நான்காவதாக, பெட்டியையே பூட்டி வைக்க வேண்டும். மறந்த கடவுச்சொல்லை மாற்ற, கருவியின் அருகில் இருந்து செய்யத்தக்க வழியொன்று பெரும்பாலான ஸ்விட்சுகளில் உண்டு. அருகில் செல்லக்கூடிய எவரும் அதைக் கையாளலாம். நெசவுக்கூடத்துச் சுவரில் திறந்து தொங்கும் ஸ்விட்சுக்கு எத்துணை நீண்ட கடவுச்சொல்லும் காவலாகாது.

ஐந்தாவதாக, நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். வேலையினின்று விலகுவோரின் உரிமையை அன்றே நீக்குக. யார், எப்பொழுது உட்சென்றார் என்னும் குறிப்பு வேறொரு கணினியில் பதிவாகட்டும். மேலும், பல கருவிகளில் செய்த மாற்றத்தை நிலையான நினைவில் பதிக்காவிடில், மின்சாரம் நின்று திரும்பியதும் பழைய அமைப்பே வந்துவிடும். பூட்டியதாக நாம் எண்ணியிருக்கும் கதவு திறந்து கிடக்கும்.

நிற்க. கருவியை அமைத்துத் தந்த ஒப்பந்தக்காரரிடம் மட்டுமே கடவுச்சொல் இருக்கும் நிலை நமக்கு ஏற்றதன்று. அவர் ஊர் மாறினாலோ, கூலித் தகராறு எழுந்தாலோ, சங்கத்தின் வேலை நின்றுவிடும். கடவுச்சொல்லையும் அமைப்பின் நகலையும் முத்திரையிட்ட உறையில் வைத்து, இரும்புப் பெட்டியில் இரட்டைப் பூட்டுக்குள் காப்பதே முறை. உறை திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை வைக்க வேண்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: கடவுச்சொல் யாரிடம் உள்ளது? டெல்நெட் மூடப்பட்டதா? பெட்டி பூட்டிய இடத்தில் உள்ளதா? விடைகள் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும்.