எடைமேடை ஏறும் உடல்கள்

பொதுவான உடலமைப்பிலிருந்து மாறுபட்ட மனிதர்களை மேடையேற்றிக் கட்டணம் வசூலித்த ‘ஃப்ரீக் ஷோ’ எனும் விந்தை மனிதர் காட்சிகள், 1840 முதல் 1940 வரை அமெரிக்காவின் அருங்காட்சியகங்களிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் கொடிகட்டிப் பறந்தன. அவற்றை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் ராபர்ட் போக்டன், விந்தை என்பது ஒருவரது உடலில் இருப்பதன்று, அவரை மேடையில் நிறுத்தும் முறையால் உருவாக்கப்படுவது என்று வாதிட்டார். நியூயார்க்கில் அருங்காட்சியகம் நடத்திய பி.டி. பார்னம், வளர்ச்சி குன்றியிருந்த சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்னும் நான்கு வயதுச் சிறுவனைப் பதினொரு வயதினன் என்று அறிவித்து, ‘ஜெனரல் டாம் தம்ப்’ என்று பெயர் சூட்டி, நெப்போலியனைப் போல வேடமிட்டு நடிக்க வைத்தது இதற்குத் தக்க சான்றாகும்.

மாறுபட்ட உடல்களை நோய்களாக வகைப்படுத்திய மருத்துவம் வலுப்பெற்றபோது, அவற்றைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது அநாகரிகமாகக் கருதப்படலாயிற்று. ஆனால் அதே மருத்துவத்தின் துணையோடுதான் அந்தக் காட்சி இன்று தொலைக்காட்சிக்குத் திரும்பியிருக்கிறது. டிஎல்சி அலைவரிசையில் 2012இல் தொடங்கிய ‘மை 600-எல்பி லைஃப்’ என்னும் ரியாலிட்டி தொடர், ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளவர்கள் ஹூஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெறுவதைப் பின்தொடர்கிறது. படுக்கையிலிருந்து எழுவதற்குள் மூச்சிரைக்கும் உடலையும், குளிக்கும்போது சதை மடிப்புகளில் வழியும் நீரையும், மெல்லும் வாயையும் கேமரா மிக நெருங்கிக் காட்டுகிறது. எடைமேடையில் ஏறியவரின் எண் தெரியும்வரை பார்வையாளர் காத்திருக்க வைக்கப்படுகிறார். சிகிச்சைக்கு எடை தெரிந்தாக வேண்டும் என்பது சரியே; குளியல் காட்சியோ எந்தச் சிகிச்சைக்கும் வேண்டாதது. நோயாளியின் நலனில் அக்கறை கொண்டு பார்ப்பதாக நம்பும் பார்வையாளருக்கு, உற்றுப் பார்ப்பதில் உள்ள கூச்சம் இங்கே நீங்கிவிடுகிறது.

இதே அலைவரிசை 2006இல் தொடங்கிய ‘லிட்டில் பீப்பிள், பிக் வேர்ல்ட்’ வேறு வழியில் சென்றது. ஓரிகன் மாநிலத்தில் பண்ணை நடத்திய, குள்ள உருவம் கொண்ட ஒரு தம்பதியின் குடும்பத்தைக் காட்டிய அத்தொடரில், பூசணி விற்பனையும் பிள்ளை வளர்ப்பும் குடும்பச் சச்சரவுகளும் நிறைந்திருந்ததால், உழைக்கும் பெற்றோராக அவர்களை அறிய இடமிருந்தது.

பங்கேற்பவர்கள் விரும்பித்தானே ஒப்புதல் தருகிறார்கள் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஸ்ட்ராட்டன்கூட மேடையால் செல்வந்தரானவரே. ஆயினும், மருத்துவச் செலவு பலரைக் கடனில் ஆழ்த்தும் அமெரிக்காவில், உயிர்காக்கும் சிகிச்சையை எதிர்பார்த்துக் கையெழுத்திடுபவரின் ஒப்புதலை முழு விருப்பத்தோடு தரப்பட்டதாகக் கொள்வது கடினம்.